நீ கை வைக்க மறுத்த காலை

ஆட்களின் முதுகு பார்க்க நீ வைத்திருந்த கட்டில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. வாழைச்சேனையில் நீ வாடகைக்கு எடுத்திருந்த அறையைக் கடைச் சொந்தக்காரர் திரும்பக் கேட்டாராம். உன் தம்பி அதை லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றி, மழைக்குத் தறப்பாள் போட்டுக் கட்டி, எங்கள் முன் மண்டபத்தில் கொண்டுவந்து இறக்கினான். "அக்கா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ" என்றான். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

தறப்பாளை எடுத்ததும் அந்த வாசம் வந்தது. கறுப்பு ரெக்சினும், ஒவ்வொருவரும் எழும்பிப் போன பிறகு நீ துடைக்கிற டெற்றோலும் சேர்ந்த வாசம். உன்னிடம் வந்துபோன மற்றவர்களுக்கு அது சுகம் கிடைத்த இடத்தின் வாசமாக இருக்கும். எனக்கு அது நீ கை வைக்க மறுத்த காலையின் வாசம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகள் உடனே ஏறிக் குப்புறப் படுத்தாள். தலைமாட்டில் முகம் வைக்கிற ஓட்டைக்குள்ளால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "இதுக்குள்ளால பாத்தா அன்ரிட செருப்பு மட்டுந்தான் தெரியும், என்னம்மா" என்றாள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

நான் இன்னும் அதில் படுக்கவில்லை. படுக்கப் பயம். சில நாட்களாக என் வலது பாதத்தின் வெளிப்பக்கம் விறைத்துக் கிடக்கிறது. இடது குதிகால் அந்தக் காலையிலிருந்தே உணர்வில்லாததுதான், அதோடு பழகிவிட்டேன். இது வலது. குளிக்கும்போது அந்த இடத்தில் தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு முதலில் வாயில் வந்த பெயர் உன்னுடையது. நீ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் வாழைச்சேனையில் ஒரே வகுப்பில் படித்தோம். பிறகு நீ உன் பெரியப்பா குடும்பத்தோடு ஒஸ்ரேலியாவுக்குப் போனாய். நான் இங்கேயே கலியாணம் முடித்து, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். எத்தனையோ வருசம் கழித்து நீ திரும்பி வந்தாய். கைபேசிக் கடைக்கும் ரயர் கடைக்கும் நடுவில் ஓர் அறையை எடுத்து, 'குடும்ப கைரோபிரக்டிக் நிலையம்' என்று பலகை போட்டாய். அந்தச் சொல் ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை. நெட்டி முறிக்கிற டொக்டர் என்றே சனம் உன்னைக் கூப்பிட்டது. "மருந்து எழுதுற டொக்டர் இல்ல, முள்ளந்தண்டையும் மூட்டையும் கையால பாக்கிற ஆள்" என்று நீயும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாய்.

துறைமுகத்தில் வலை இழுத்துத் தோள் பிடித்துக்கொண்டவர்கள் வந்தார்கள். ஓட்டமாவடியிலிருந்து தையல் மெசினில் குனிந்து குனிந்து கழுத்துத் திரும்பாமல் போன பெண்கள் வந்தார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேருமே உன்னிடம் வந்தோம். ஓட்டோ ஓடுகிற என் கணவருக்குக் கழுத்து, புத்தகப்பை சுமக்கிற மகளுக்குத் தோள்பட்டை, மெத்தை திருப்புகிற எனக்கு இடுப்பு. யார் படுத்தாலும் நீ முதலில் ஒன்றும் செய்யமாட்டாய். உள்ளங்கையை முதுகில் விரித்து வைத்துவிட்டு, மூச்சு மெதுவாகும்வரை சும்மா நிற்பாய். ஒருநாள் நான் பொறுமையில்லாமல், "என்னகா, நித்திரையா?" என்று கேட்டேன்.

"நரம்பெல்லாம் பயந்து இறுகிப்போய்க் கிடக்கு. அது அடங்காம நான் எதைத் தொட்டாலும் அது எதிர்த்துத்தான் நிக்கும்" என்றாய்.

நீ படித்த இடத்திலிருந்து அனுப்பியிருந்த ஒரு பெரிய படத்தை நீ சுவரில் தொங்கவிடவே இல்லை. அதில் சிரித்துக்கொண்டிருக்கிற தாய், தகப்பன், பிள்ளைகள். முள்ளந்தண்டு நேராக இருந்தால் நரம்பு மண்டலம் சீராகி எந்த நோய் வருத்தமும் அண்டாது என்ற மாதிரி எழுதியிருந்தது. சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "இடுப்பு நோவைக் குறைக்க எனக்குத் தெரியும். சீனி வருத்தத்தையும் இழுப்பையும் மாத்துவன் எண்டு சொல்ல எனக்குப் பயம்" என்றாய். பயம் என்ற சொல்லை நீ அவ்வளவு சாதாரணமாகச் சொல்வாய். எனக்கு அது வினோதமாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒரு வருசத்து மாரியில், ஹோட்டலின் கீழ் அறைகளுக்குள் வெள்ளம் வந்துவிடும் என்று மெத்தைகளையெல்லாம் மேல்மாடிக்கு ஏற்றினோம். ஈரம் குடித்த மெத்தையின் பாரம் தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். படி திரும்புகிற இடத்தில் என் இடுப்புக்குள் எதுவோ வழுக்கியது போல இருந்தது. உன்னிடம் வந்தேன். மெதுவாகத்தான் செய்தாய். நோ குறைந்தது. வேலைக்குப் போகாதே என்றாய், கால் விறைத்தால் உடனே சொல் என்றாய். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

பிறகு ஒரு காலையில் எழும்பியபோது இரண்டு தொடைகளுக்குள்ளும் நெருப்பு ஓடுவது போல நோ. கக்கூசுக்குப் போய் இருந்தேன். வயிறு முட்டிக்கொண்டு நின்றது, ஒரு சொட்டும் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. கழுவுவதற்குக் கையைக் கொண்டுபோனபோது, வேறு யாரோ ஒருவரின் உடம்பைத் தொடுவது போல இருந்தது. அந்தக் கணத்தில் வந்த பயத்தை என்னால் இன்றைக்கும் எழுத முடியவில்லை. கணவரிடம், "முதுகு நோ கூடிப்போச்சு, அவட்டக் கொண்டுபோய் விடுங்க" என்று மட்டும் சொன்னேன். இந்த மற்ற விசயத்தை எப்படி ஒருவருக்குச் சொல்வது?

அவரும் ரயர் கடைப் பையனுமாக என்னைத் தாங்கிக்கொண்டு வந்து இந்தக் கட்டிலில் குப்புறப் போட்டார்கள். ஓட்டைக்குள்ளால் உன் செருப்புகள் தெரிந்தன. உன் உள்ளங்கை வழக்கம்போல முதுகில் வந்து நின்றது.

"கால் ஒண்டா நோகுது, ரெண்டுமா?"

"ரெண்டும்."

கை அசையாமல் நின்றது.

"காலமை சலம் போனியா?"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் என் கணவர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் முறைக்குக் காத்திருந்த ஆட்கள். நீ குனிந்து என் காதுக்குக் கிட்ட வந்தாய்.

"வெக்கப்படாதகா. மூத்திரம் போனியா, இல்லையா?"

"முட்டிக்கொண்டு நிக்கிது. போகுதில்ல."

"கழுவேக்க, அந்த இடத்தில கை படுறது தெரிஞ்சதா?"

"இல்ல."

உன் செருப்புகள் பின்னால் நகர்ந்ததைக் கண்டேன். ஓர் அடிதான். ஆனால் கையும் முதுகை விட்டுப் போய்விட்டது. நீ என்னைத் தொடாமல் நின்ற அந்த இடைவெளியில்தான் எனக்கு விளங்கியது, இது வழக்கமான நோ இல்லை என்று.

என் கணவர் திரையை விலக்கினார். "என்ன தங்கச்சி? ஒருக்கா நெட்டி எடுத்து விடுங்களன். போன முறையும் நீங்க எடுத்த பிறகுதானே நடந்தவ."

"அண்ணன், நான் கை வைக்க மாட்டன்."

"அப்பிடிச் சொல்லாதீங்க. அவ கத்துறதப் பாக்கேலாம இருக்கு."

"நடுமுள்ளுக்குக் கீழ நரம்பெல்லாம் கத்தையாத் தொங்குது. ஏதோ ஒண்டு அதை நசிச்சுக்கொண்டு நிக்கிது. நான் அமத்தினா இவ நடக்காமலே போயிடலாம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும். பின்னேரம் இல்ல, இப்ப."

உன் குரல் உயரவில்லை. ஆனால் அது கடைசியில் ஒடிந்தது. காத்திருந்தவர்களில் ஓட்டமாவடி வியாபாரி ஒருவர் எழும்பி, "என்ட வான் நிக்கிது, சீற்றை மடிச்சாப் படுக்கலாம்" என்றார். தன் கழுத்து நோவையும் மறந்து அவரே ஓட்டினார். நீ அறையைப் பூட்டினாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

வழியில் கிரானைக் கடக்கும்போது வீதியின் இரண்டு பக்கமும் வெள்ளம் நின்றது. வயல் எது, வீதி எது என்று தெரியாத இடங்களில் அவர் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். நான் வானின் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். நீ என் கால்மாட்டில் முழங்காலில் நின்று, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, "இது எது? இது எது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். ஆரம்பத்தில் சரியாகச் சொன்னேன். ஏறாவூர் வரும்போது நான் "பெருவிரல்" என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்லாததிலிருந்தே அது பெருவிரல் இல்லை என்று தெரிந்துகொண்டேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்தால் யார் சோறு போடுவது என்று நினைத்தேன். பிறகு, இனி எப்போதுமே யார் போடுவது என்று நினைத்தேன். என் பாதத்தைப் பிடித்திருந்த உன் கை நடுங்குவதை, இன்னும் உணர்வு மிச்சமிருந்த இடத்தால் உணர்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ டொக்டரிடம் நாலைந்து வரிதான் இங்கிலீசில் சொன்னாய். அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டு எழும்பினார். ஊசியால் தொட்டுப் பார்த்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். பொழுதுபடுவதற்குள் சத்திரசிகிச்சை என்று முடிவானது. தள்ளுகட்டிலில் என்னைக் கொண்டுபோகும்போது நீ பக்கத்தில் நடந்து வந்தாய். "பயமா இருக்குகா" என்றேன். என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல்.

"எனக்கும் பயந்தான். ஆனா நேரத்துக்கு வந்திட்டம்" என்றாய்.

நேரத்துக்குத்தான் வந்திருந்தோம். பிதுங்கிய இடைத்தட்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் நசிந்த நரம்பு உடனே எழும்பவில்லை. வாரக்கணக்காகச் சலக் குழாயோடு இடுப்பில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்தேன். ஒவ்வொரு காலையும் கண் முழிக்க முதலே பயம் முழித்துவிடும். இன்றைக்கும் வராதோ? இதுதான் இனி நானோ? நீ அறையைப் பூட்டிவிட்டுப் பின்னேரங்களில் வருவாய். ஒன்றும் செய்யமாட்டாய். தோளுக்குக் கீழே கையை விரித்து வைத்துக்கொண்டு இருப்பாய். "நரம்பு மெதுவாத்தான் எழும்பும். விரட்டாத" என்பாய். குழாயை எடுத்த பிறகு முதல்முதலாகச் சலம் தானாகப் போனதை, வாசல் படலையில் நின்ற உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். ஓடி என்றால், நான் அப்போது ஓடக்கூடிய அளவுக்கு. "உலகத்தில ஆராவது இப்பிடி ஒரு செய்திக்கு அழுவாங்களாகா" என்று சொல்லி நீயும் அழுதாய்.

அன்றைக்குத்தான் நீ சொன்னாய். என் கணவர் கெஞ்சியபோது, நான் அப்படிக் கத்தியபோது, ஒரு கணம் உன் கை தானாக முன்னால் வந்ததாம். ஒருவேளை ஒரே அமத்தில் சரிவந்துவிட்டால் என்று நினைத்தாயாம். "பயந்தபடியாத்தான் நிண்டன். துணிச்சல்காரியா இருந்திருந்தா உன்னை நாசமாக்கியிருப்பன்" என்றாய்.

நேற்று இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இதற்குப் பிறகு வருவதை எழுதக் கை வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

நான் திரும்ப வேலைக்குப் போய், பாரம் தூக்காத இடத்தில், துவாய் மடிக்கிற அறையில் இருந்த காலம். சீசன் முடிந்து கரையில் சனம் குறைந்திருந்தது. வேலை முடிகிற நேரம் பார்த்து வந்து என்னைப் பாசிக்குடாக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போனாய். எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலுக்கு மேல் ஏறாத தண்ணீர். கரையில் உள்ளவர்கள் சின்னதாகத் தெரியும்வரை நடந்தோம். பிறகு நின்றாய்.

"எனக்கும் முதுகு நோகுது" என்றாய்.

நான் சிரித்தேன். "உனக்கு ஆர் நெட்டி எடுக்கிற?"

"படுத்தாலும் நோகுது. இருந்தாலும் நோகுது. எப்பிடித் திரும்பினாலும் ஒரே மாதிரி நோகுது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உன் கட்டிலில் இத்தனை காலம் கிடந்ததில் அவ்வளவாவது எனக்குத் தெரியும். மெத்தை தூக்கி வந்த நோ என்றால் ஒரு பக்கம் திரும்பிப் படுத்தால் கொஞ்சமாவது விடும். எப்படிப் படுத்தாலும் விடாத நோ வேறு.

ஒஸ்ரேலியாவில் உன் மார்பில் ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள் என்பதை நீ அப்போதுதான் எனக்குச் சொன்னாய். எல்லாம் முடிந்தது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் ஊருக்கு வந்தாயாம். "எல்லாருக்கும் கேட்ட கேள்வியை எனக்கு நான் கேக்கேல்ல. கேட்டாப் பதில் தெரிஞ்சிடுமே" என்றாய். உன் முழங்காலைச் சுற்றிச் சின்ன மீன்கள் ஓடின. உன் கையைப் பிடித்தேன். அந்த வெயிலிலும் அது குளிர்ந்து கிடந்தது.

கொழும்புக்கு நான்தான் உன்னோடு வந்தேன். ரயிலில் நீ யன்னல் பக்கம் இருந்து, ஒவ்வொரு ஸ்ரேசனின் பெயரையும் வாய்க்குள் வாசித்துக்கொண்டு வந்தாய். பெரிய டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, அவர் வாய் திறக்க முதலே உனக்கு விளங்கிவிட்டது. முள்ளந்தண்டுப் படங்களைப் பார்த்தே வாழ்ந்தவள் நீ. என் பக்கம் திரும்பி, ஏதோ பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி, "எலும்புக்குள்ள வந்திட்டுது" என்றாய். வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்த பிறகுதான் உன் பல்லுகள் அடித்துக்கொள்ளத் தொடங்கின.

கடைசி மாதங்களில் செட்டிபாளையத்தில் உன் தம்பி வீட்டில் இருந்தாய். ஒரு பக்கம் கடல் இரைச்சல், மறு பக்கம் வாவி. ஒரு பின்னேரம் நான் வந்தபோது உனக்குக் கால்கள் இரண்டும் அசையாமல் போய்விட்டிருந்தன. மற்றவர்களை வெளியே போகச் சொன்னாய். என்னிடம் ஆறுதல் சொற்கள் இருந்தன. வருகிற வழி முழுக்க அவற்றை யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

"எனக்குச் சரியான பயமா இருக்குகா" என்றாய்.

கொண்டுவந்த சொற்களையெல்லாம் விட்டுவிட்டேன். "எனக்கும்" என்றேன்.

"முதுகில கையை வை."

"எனக்கு ஒண்டும் செய்யத் தெரியாதே."

"ஒண்டும் செய்ய வேணாம். சும்மா வச்சிரு."

வைத்தேன். எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. எங்காவது நோகப்பண்ணிவிடுவேனோ என்று பயந்து, கையின் பாரத்தை நானே தாங்கிக்கொண்டிருந்தேன். "தூக்காத, விடு" என்றாய். விட்டேன். உன் மூச்சு வேகமாக, மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. வெளியே உன் தம்பியின் பெண்சாதி கோழிகளைக் கூட்டுக்குள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக உன் முதுகு என் கைக்குள் இறங்கியது. பயம் போகவில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனால் மூச்சு அடங்கியது. நீ நித்திரையானாய். அதற்குப் பிறகு உன்னோடு பேசக் கிடைக்கவில்லை.

நேற்று இதை எழுதி நிறுத்திய பிறகு வெளியே போனேன். என் கணவர் ஓட்டோவைக் கழுவிக்கொண்டு நின்றார். "இஞ்சேருங்க, எனக்கு வலது கால் விறைக்குது. கொஞ்ச நாளா. எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவர் குழாயை மூடவில்லை, தண்ணீர் அவர் காலுக்கு மேலாக ஓடியது. அன்றைக்கு உன் அறையில் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது உன் கேள்விகள் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். இப்போது என் முகத்தை நேராகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சலம் போகுதா?" என்று கேட்டார். போகுது என்றேன். "தொட்டாத் தெரியுதா? அங்க?" தெரியுது என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, "ஏறு" என்றார்.

டொக்டர் வெகுநேரம் பார்த்தார். சுத்தியலால் தட்டினார், ஊசியால் தொட்டார், குதியில் நட, விரலில் நட என்றார். அன்றைக்கு வந்த அவசரம் இது இல்லையாம். இன்னொரு இடைத்தட்டு ஒரு நரம்பை மட்டும் தொடுகிறது போல இருக்கிறதாம். ஸ்கேனுக்குத் திகதி தந்திருக்கிறார்கள். அதற்குள் சலம் தடைப்பட்டால் ஒரு நிமிசமும் பிந்தாமல் வரச் சொன்னார். ஸ்கேனில் என்ன வரும் என்று தெரியாது. திரும்பி வரும் வழியில் நான் என் வலது கால்விரல்களைச் செருப்புக்குள் ஆட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது இதை எழுதும்போதும்.

சனம் உன்னைத் துணிச்சல்காரி என்றுதான் பேசுகிறது. நான் ஒத்துக்கொள்வதில்லை. நீ பயந்தாய், அந்தப் பயத்தை வாயால் சொன்னாய், சொல்லிவிட்டு அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்தாய். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நெஞ்சுரம் எனக்கு வரவில்லை. எந்த இடம், எப்போதிருந்து, எவ்வளவு என்று மறைக்காமல் சொல்ல மட்டும் வருகிறது.

சற்று முன்னர் மகள் வந்து, "ஏனம்மா ஒரு மாதிரி இருக்கிறீங்க?" என்று கேட்டாள். முன்னைய நான் என்றால் ஒன்றுமில்லை என்றிருப்பேன். கால் விறைப்பதைச் சொன்னேன், டொக்டர் சொன்னதைச் சொன்னேன், பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. பிறகு பக்கத்தில் வந்து இருந்து, என் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறோம். ஆனால் இந்த முறை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.